பல் டாக்டர் சொல்வது என்ன? பர்மாத் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரங்கூனில் நம்மவர்களுக்குப் பல்வலி வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் நாள் கிராம்பு. மறுநாள் மருந்துக்கடையில் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலம். வலி அடங்கினால் மறந்துவிடுவோம். அடங்காவிட்டால் கிளினிக்குக்குப் போய், "சயா, பிடுங்கிடுங்க" என்போம். டாக்டர் ஏதோ விளக்குவார். ரூட் கெனால், கிரௌன், ஸ்கேலிங் என்று சில சொற்கள் காதில் விழும். தலையாட்டிவிட்டு வாயைத் திறப்போம். இன்னும் இருபது வருஷம் சோறு மென்றிருக்கக்கூடிய பல் அப்படித்தான் போகிறது.

பர்மியம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் அதில் இல்லை. பர்மிய டாக்டரும் சிகிச்சைப் பெயர்களை ஆங்கிலத்தில்தான் சொல்கிறார். பர்மியருக்கும் அவை புதுசு, நமக்கும் புதுசு. அந்தப் பெயர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நோய் பல்லில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். ஆழத்துக்கு ஏற்பத்தான் சிகிச்சையின் பெயரும் செலவும் மாறுகின்றன.

வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். அதனால் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். வலி எங்கே, எப்போது வருகிறது: குளிர்ந்த தண்ணீர் பட்டாலா, சூடான டீ குடித்தாலா, இனிப்புக்கா, கடிக்கும்போதா, சும்மா இருக்கும்போதா? வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது? ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா? இந்தப் பதில்களிலேயே டாக்டருக்குப் பாதி நோய் தெரிந்துவிடும்.

அடுத்து உங்கள் உடம்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு நோய், மஞ்சள் காமாலைக் கிருமி, கர்ப்பம், பென்சிலின் ஒவ்வாமை எதுவானாலும் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, பல் எடுத்த இடத்துத் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும் சொல்லுங்கள். பல் பிடுங்க வேண்டும் என்று நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். பல்லில் கொஞ்சம் ரத்தம் கசிவதைச் சமாளிக்க முடியும். மாத்திரையை நிறுத்தியதால் வரும் பக்கவாதத்தை அப்படிச் சமாளிக்க முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை குன்யா (வெற்றிலைப்பாக்கு மடிப்பு) போடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பெரியவர்கள் இதைக் குறைத்துச் சொல்வது வழக்கம். கூடப் போகும் பிள்ளைகள் எண்ணிக்கையைத் திருத்திச் சொல்லலாம், தப்பில்லை.

பல்லின் அடுக்குகள்

வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதில் நரம்பு இல்லை. அதனால் அங்கே சொத்தை விழுந்தால் வலிக்காது. அதன் கீழே டென்டின். கொஞ்சம் மஞ்சளாக, நுண்ணிய குழாய்கள் நிறைந்து இருக்கும். சொத்தை இங்கே வந்தால்தான் கூச்சம் தொடங்கும். நடுவில் பல்ப், அதாவது பல்கூழ்: நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் உயிருள்ள பகுதி. அது வேர் வழியாக இறங்கி, வேர்நுனித் துளையில் தாடை எலும்போடு சேர்கிறது. வேரை எலும்போடு கட்டி வைத்திருப்பது மெல்லிய நார்கள். வேரையும் எலும்பையும் மூடியிருப்பது ஈறு.

டாக்டர் உதவியாளரிடம் "நாலு-ஆறு", "ரெண்டு-ஒண்ணு" என்று எண் சொல்வார். முதல் எண் வாயின் பகுதி: உங்கள் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. இரண்டாவது எண் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 46 என்றால் வலது கீழ்ப்பக்கம் ஆறாவது பல், அதாவது முதல் பெரிய கடைவாய்ப்பல். எட்டாவது பல் ஞானப்பல். பால் பற்களுக்கு முதல் எண் 5 முதல் 8 வரை. சீட்டில் எழுதியிருக்கும் எண்ணும் உங்களுக்கு வலிக்கும் பல்லும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது உங்கள் உரிமை. பிடுங்குவதற்கு முன் கட்டாயம் பாருங்கள்.

எக்ஸ்ரே

ஒன்றிரண்டு பற்களை வேர்நுனி வரை காட்டும் சின்னப் படம் பெரியாப்பிக்கல். இரண்டு தாடையையும் முழுசாகக் காட்டும் பெரிய படம் ஓ.பி.ஜி. ஒரு சொத்தைப் பல்லுக்குச் சின்னப் படம் போதும். ஞானப்பல்லுக்கும் தாடையை முழுதாகப் பார்க்கவும் பெரிய படம் உதவும். எலும்பும் பல்லும் படத்தில் வெளுப்பாகத் தெரியும், உலோக அடைப்பு பளிச்சென்ற வெள்ளையாக இருக்கும், சொத்தை கருப்பாகத் தெரியும். வேர்நுனியைச் சுற்றிக் கருநிழல் இருந்தால் தொற்று எலும்பு வரை இறங்கிவிட்டது என்று பொருள். "சயாமா, படத்துல எங்கே இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்டால் காட்டாத டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எனாமல் வரை: அடைக்கவே தேவைப்படாத கட்டம்

வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள தாதுவைக் கரைக்கிறது. முதலில் தெரிவது சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளி. இந்தக் கட்டத்தில் துளை விழுந்திருக்காது. ஃப்ளோரைடு பற்பசையும் இனிப்பைக் குறைப்பதும் அதை நிறுத்தும், சில சமயம் திரும்பக் கெட்டியாகவும் செய்யும். பற்பசைக் குழாயில் ஃப்ளோரைடு அளவு 1000 முதல் 1500 பி.பி.எம். இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பால்டின் கட்டிப்பால் ஊற்றிய டீயை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது, ஒரே நேரத்தில் குடித்து முடிப்பதைவிடப் பல்லுக்குக் கெடுதல். ஒவ்வொரு உறிஞ்சலும் புதிதாக அமிலத்தை உண்டாக்குகிறது.

டென்டினில்: ஃபில்லிங்

துளை விழுந்த பிறகு பல் தானாக வளர்ந்து அடைத்துக்கொள்ளாது. கெட்டுப்போன பகுதியைச் சுரண்டி எடுத்து அடைக்க வேண்டும். பல் நிறத்திலேயே இருப்பது காம்போசிட். நீல விளக்கைக் காட்டி உடனே இறுக வைப்பார்கள். கிளாஸ் அயனோமர் ஃப்ளோரைடை மெதுவாக வெளியிடும், ஆனால் பலம் குறைவு; குழந்தைகளின் பற்களுக்கும் வேர் ஓரத்துச் சொத்தைக்கும் ஏற்றது. வெள்ளி நிறத்தில் இருப்பது அமால்கம். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பதால் உலகம் முழுக்க அதைக் கைவிட்டு வருகிறார்கள். வாயில் பழைய அமால்கம் நல்ல நிலையில் இருந்தால் பயந்து தோண்டி எடுக்க வேண்டாம்.

கிராம்பு வாசனை அடிக்கும் வெள்ளை அடைப்பு பெரும்பாலும் தற்காலிகம். வலி நின்றுவிட்டதே என்று அதை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் இருப்பவர்கள் நம்மில் நிறைய. அது தேய்ந்து கசியும், உள்ளே சொத்தை ஓடிக்கொண்டே இருக்கும். "இது டெம்பரரியா, பெர்மனன்ட்டா?" என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

பல்கூழில்: ரூட் கெனால்

நம் பற்கள் அதிகம் பறிபோகும் இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குளிர்ச்சி பட்டுக் கூசி, சில விநாடியில் நின்றால் பல்கூழ் இன்னும் பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, ஃபில்லிங் போதும். குளிர்ச்சியோ சூடோ பட்ட வலி நிமிஷக்கணக்கில் நின்றாலோ, சும்மா இருக்கும்போதே விண்விண்ணென்று தெறித்தாலோ, படுத்தால் அதிகமானாலோ பல்கூழ் திரும்ப முடியாத அழற்சிக்குப் போய்விட்டது. சில நாளில் அது செத்துப்போகும். செத்ததும் வலி நின்றுவிடும்! மருந்துக்கடை மாத்திரை குணமாக்கிவிட்டது என்று நாம் நம்புவது அப்போதுதான். உண்மையில் உள்ளே அழுகல் வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகிறது. சில மாதம் கழித்து ஈறில் சின்னக் கொப்புளம் வந்து, அமுக்கினால் சீழ் வரும். கொப்புளம் உடைந்து வலி குறைந்தாலும் நோய் போகவில்லை.

ரூட் கெனால் என்பது அந்தச் செத்த கூழை எடுத்து, வேருக்குள் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து, காற்றுப் புகாமல் அடைப்பது. முதலில் மரத்துப்போக ஊசி. சீழ் பிடித்த இடத்தில் ஊசி சரியாக ஏறாது. அதனால் சிலருக்கு முதல் நாள் திறந்து சீழை வெளியேற்றி மருந்து வைத்து அனுப்புவார்கள். பிறகு பல்லின் மேல் துளையிட்டு, ஃபைல் என்னும் மெல்லிய கம்பிகளால் குழாயைத் தேய்த்து, கிருமிநாசினித் திரவத்தால் கழுவுவார்கள். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்புக் கட்டினால் திரவமோ கம்பியோ தொண்டைக்குள் போகாது. எச்சில் கிருமியும் உள்ளே நுழையாது. கடைசியில் கட்டாப்பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாக மூன்று, மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. கடைவாய்ப்பல்லுக்குச் செலவும் நேரமும் கூடுவது இதனால்தான். ஒரே தடவையில் முடிவதும் உண்டு, இரண்டு மூன்று தடவை ஆவதும் உண்டு. பாதியில் வலி நின்றதும் மறுதடவை போகாமல் விடுவது செய்த செலவையும் வீணாக்கும். முடிந்த பிறகு சில நாள் கடித்தால் லேசாக நோவது இயல்பு. வீக்கம் வந்தால் இயல்பில்லை, உடனே காட்டுங்கள்.

"ஆன்டிபயாடிக் போட்டால் போகாதா?" என்று கேட்காதவர் இல்லை. செத்த பல்கூழில் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை அங்கே போய்ச் சேராது. வீக்கம் பரவினாலோ காய்ச்சல் இருந்தாலோ சிகிச்சையோடு துணையாக டாக்டர் தருவார், அவ்வளவுதான். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் அது முடிந்து மூன்று நாள் ஆகும் வரை மது கூடாது. வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரினை வைத்து அதக்குவது ஈறையும் கன்னத்தையும் வெந்துபோக வைக்கும். பல்லுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒன்றை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது. தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, வாய் திறக்க முடியாமல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக, காய்ச்சலோடு இருந்தால் பல் கிளினிக்கைத் தேட வேண்டாம். ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லில் தொடங்கிய தொற்று மூச்சுக்குழலை அடைத்து உயிரை எடுக்கும்.

கிரௌன் எதற்கு?

கூழ் எடுத்த கடைவாய்ப்பல்லில் உறுதியான சுவர் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். பாக்கு ஒன்றைக் கடித்தால் பிளந்துவிடலாம். அதனால் மேலே தொப்பி போல் ஒரு உறை போடுகிறார்கள். அதுதான் கிரௌன், பேச்சில் கேப். முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்க்கோனியா என்று வகைகள் உண்டு. பின்பல்லுக்கு அழகைவிட உறுதி முக்கியம். பணம் குறைவாக இருந்தால் அங்கே உலோகக் கேப் போட்டுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. விலை கேட்கும்போது ரூட் கெனாலுக்கு மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

பிடுங்குவது, பிறகு இடைவெளியை நிரப்புவது

பல் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ, ஈறுக்குக் கீழே உடைந்து சுவரே இல்லாமல் போனாலோ, எலும்பு கரைந்து பல் ஆடினாலோ பிடுங்குவதுதான் சரி. ஞானப்பல் முழுதாக வெளிவராமல் சாய்ந்து கிடப்பதை இம்பாக்ஷன் என்பார்கள். அது அடிக்கடி வீங்கினாலோ பக்கத்துப் பல்லைக் கெடுத்தாலோ எடுப்பார்கள். கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகே உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. படத்தில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முன்பே கேளுங்கள்.

எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். துளையில் உறையும் ரத்தக்கட்டிதான் புண்ணுக்கு மருந்து. அது கழன்றுவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, சில நாளில் காது வரை இழுக்கும் வலி வரும். அதை ட்ரை சாக்கெட் என்பார்கள். அதனால் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், சிகரெட் பிடிக்காதீர்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஆறும் வரை குன்யா அறவே கூடாது. சுண்ணாம்பும் பாக்குத் துணுக்கும் நேரே துளைக்குள் போகும்.

இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும். கழற்றி மாட்டும் பல் செட் மலிவு. பிரிட்ஜ் என்பது இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கி, அவற்றின் மேல் நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பது. நல்ல பற்களைச் செதுக்க வேண்டுமா என்று யோசித்துச் சம்மதியுங்கள். இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் டைட்டானியம் திருகு பதித்து அதன் மேல் பல் வைப்பது. எலும்போடு அது ஒட்டவே பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் பிடிக்கும், செலவும் மிக அதிகம். சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் புகைப்பதை நிறுத்தாதவருக்கும் அது நிலைக்காமல் போகும் ஆபத்து கூடுதல்.

ஈறு

சொத்தையே இல்லாமல் நல்ல நல்ல பற்கள் ஆடி விழுவது ஈறு நோயால். பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து ரத்தம் கசிந்தால் ஜிஞ்சிவைட்டிஸ். அது முழுதாகக் குணமாகும். எலும்பு கரையத் தொடங்கினால் பெரியடான்டைட்டிஸ். அதை நிறுத்தலாம், போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. டாக்டர் மெல்லிய கோலை ஈறுக்குள் விட்டு எண்களைச் சொல்வார். 1 முதல் 3 மில்லிமீட்டர் நல்லது. 4-க்கு மேல் போனால் நோய்ப் பை விழுந்திருக்கிறது.

காரையை எடுப்பது ஸ்கேலிங். வேரோடு சேர்த்து ஆழமாகச் சுத்தம் செய்வது ரூட் பிளேனிங். "ஸ்கேலிங் செஞ்சா பல்லு ஆடும்" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் நிற்கிறது. ஆட வைத்தது காரைக்குக் கீழே நடந்த அழிவு. காரை போனதும் அது வெளியே தெரிகிறது. ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும், சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். இரண்டும் உள்ளவர் இரண்டு டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

சம்மதிக்கும் முன்

எந்தப் பல், எவ்வளவு ஆழம், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும், எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எத்தனை ச்சாட். இவ்வளவும் கேட்டுவிட்டு ஒரு நாள் யோசித்து வருகிறேன் என்று சொன்னால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்கமாட்டார். கருவிகளை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) வைத்தார்களா, ஊசி புதுசா என்பதையும் கேளுங்கள்; ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் பட்ட கருவி வழியாகப் பரவும். 1964-இல் தொடங்கிய ரங்கூன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்திலும், மண்டலேயில் உள்ள பல் மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை தருகிறார்கள். நேரம் அதிகம் ஆகும். சிக்கலான பல்லுக்கு இரண்டாவது கருத்துக் கேட்க அங்கே போகலாம்.

குழந்தைகள் பற்றி ஒன்று மட்டும். ஆறு வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே பின்னால் புதிதாக ஒரு பல் முளைக்கும். அது விழுந்து முளைக்கும் பால் பல் இல்லை, ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய கடைவாய்ப்பல். அதில் கரும்புள்ளி தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

குன்யா போடுபவர்களுக்கு

கோயிலிலும் கல்யாணத்திலும் தாம்பூலம் தருவது நம் மரியாதை. அதை நான் குறை சொல்லவில்லை. நாள் முழுக்கக் கன்னத்தில் அதக்கும் குன்யாவைத்தான் சொல்கிறேன். புகையிலை போடாமல் வெறும் பாக்கும் சுண்ணாம்பும் வெற்றிலையும் தானே என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வெளியிட்டுவிட்டது. குற்றவாளி பாக்கு, புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பாக்கில் உள்ள சத்து கன்னத்தின் உள்தோலுக்குக் கீழே நார்களைப் பெருக்குகிறது. தோல் வெளுத்து, விறைத்து, வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகிறது. டாக்டர் இதை சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்பார். முதல் அறிகுறி எரிச்சல்: முன்பு ரசித்துச் சாப்பிட்ட பாலச்சாங் காரம் இப்போது வாயில் வைக்க முடியாமல் எரியும். பாக்கை நிறுத்தினால் நோய் முன்னேறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. விறைத்த தோல் பழையபடி ஆவது அரிது. பல்லுக்கு என்ன சிகிச்சை தேவைப்பட்டாலும் வாய் திறந்தால்தானே கருவி உள்ளே போகும்?

மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக நுழைக்க முடிகிறதா? பிறகு உதட்டின் உள்பக்கம், இரண்டு கன்னம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி, மேலண்ணம். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு லூக்கோபிளேக்கியா. சிவப்புத் திட்டு எரித்ரோபிளேக்கியா. இரண்டும் புற்றாக மாறக்கூடும், சிவப்பில் ஆபத்து கூடுதல். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டில் மரமரப்பு, கழுத்தில் வலியில்லாத கட்டி: இவற்றில் எது தெரிந்தாலும் மாத்திரை வாங்காமல் டாக்டரிடம் போங்கள். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். வாய்ப்புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

டாக்டர் பயாப்ஸி எடுக்க வேண்டும் என்றால் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசிமணி அளவு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்ற பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்ட மாதங்களில்தான் அது வளர்கிறது. முடிவு வரச் சில நாள் ஆகும். எந்தத் தேதியில், யாரிடம் வாங்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்கி, அந்த நாளில் வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய் வாங்குங்கள்.